‘சவுண்டு’ விழுங்கிய சொற்கள்

தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூரிலும் திருமண வீட்டு வாயிலிலோ கோயில் கொடைவிழாப் பந்தலிலோ அடுக்கி வைக்கப்பெற்றிருக்கும் பெரிய பெட்டிகளின் முகப்பில் உரிமையாளர் பெயரும், அதனையடுத்துச் ‘சவுண்டு சர்வீசு’ என்னும் இரு சொற்களும் எழுதப்பெற்றிருக்கக் காணலாம். பெட்டியின் உள்ளிருந்து வருவது தமிழ்ப்பாட்டு. பெட்டியின் மேல் இருப்பது ஆங்கிலம். முன்பு இதே பணியைச் செய்த கருவிக்கு நாட்டுப்புற மக்கள் ‘குழாய்’ என்று பெயரிட்டு வழங்கினர். பள்ளிப் படியேறாதவர்கள் வடிவத்தைக் கண்டு வைத்த பெயர் அது. காவல்துறையின் அறிவிப்புகளிலோ இன்றும் ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி’ என்றே எழுதுகின்றனர். தடை செய்வதற்குத் தமிழ், விளம்பரத்திற்கு ஆங்கிலம் போலும்!

பெட்டியின் மேலிருந்த அச்சொல் தெருவில் இறங்கி நெடுங்காலம் ஆயிற்று. செருக்கிப் பேசுகின்றவனை நோக்கிச் ‘சவுண்டு விடாதே’ என்கின்றனர். துள்ளாதே, உறுமாதே, வாயை நீட்டாதே என்னும் மூன்றும் அங்கே இறந்தன. தொலைவில் உள்ளவனை அழைப்பதற்கு ‘ஒரு சவுண்டு கொடு’ என்கின்றனர். அங்கே குரல் கொடுத்தல் இறந்தது. பூட்டிக் கிடக்கும் வீட்டைக் காட்டி ‘ஒரு சவுண்டையும் காணோம்’ என்கின்றனர். ஆளரவம் என்னும் அழகிய சொல் அங்கே இறந்தது. பணம் படைத்தவரைச் ‘சவுண்டான ஆள்’ என்கின்றனர். பசையுள்ள ஆள் என்று சிற்றூரார் சொல்லிவந்த நகைச்சுவை மிக்க வழக்கு அங்கே மறைந்தது. அடுப்பில் வெடிக்கும் கடுகு, மாடியில் உருளும் நாற்காலி, நோயாளியின் நெஞ்சு, ஓட்டை வண்டி ஆகிய அனைத்தும் இன்று சவுண்டு தருகின்றன. இத்தனை வேலையையும் ஒரே சொல் செய்வதைக் கண்டு, ஆங்கிலம் அத்துணை ஆற்றல் வாய்ந்தது போலும் என்று மயங்குவாரும் உளர். ஆங்கிலத்தில் அச்சொல்லின் வரலாறு யாது என்று பார்த்தால் அம்மயக்கம் தெளியும்.

ஆங்கிலத்தில் ‘சவுண்டு’ என்பது ஒரு சொல்லன்று, நான்கு சொற்கள். வெவ்வேறிடங்களிற் பிறந்து, வெவ்வேறு வழிகளில் வந்து, எழுத்திலும் ஒலிப்பிலும் தற்செயலாக ஒன்றாய்ப்போனவை.

முதலாவது, ஒலியைக் குறிப்பது. இலத்தீனின் ‘சோனுசு’ பழம் பிரெஞ்சில் ‘சோன்’ என்றாகி ஆங்கிலத்திற்கு வந்தது. வந்தபோது அதன் ஈற்றில் டகரம் இல்லை. ஆங்கிலர் நாவில் 15-ஆம் நூற்றாண்டளவில் அது தானே வந்து ஒட்டிக்கொண்டது. இடியைக் குறிக்கும் ‘தண்டர்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் நடுவிலுள்ள டகரமும் அவ்வாறு ஒட்டியதே. பழைய ஆங்கிலத்தில் அது ‘துனோர்’ என்றே இருந்தது. ஒலியைக் குறிக்கும் சொல்லிலேயே பொருளற்ற ஒலியொன்று வந்து குடியேறியது வேடிக்கை. அந்த டகரத்தைத் தமிழன் ஓர் உகரமும் சேர்த்துப் போற்றுகின்றான்.

இரண்டாவது, நலத்தையும் உறுதியையும் குறிப்பது. இது இலத்தீனத் தொடர்பே இல்லாத பழைய ஆங்கிலச் சொல். ‘கெசுந்து’ என்றிருந்து முன்னொட்டை இழந்தது. இதன் உடன்பிறப்பு செருமன் மொழியில் இன்றும் அவ்வடிவிலேயே வாழ்கின்றது. ஒருவர் தும்மினால் செருமானியர் நலம் உண்டாகுக என்று வாழ்த்துவது அச்சொல்லின் அடியாகவே. (தமிழ்த்தாய் அவ்விடத்தில் ‘நூறு’ என்பாள், அகவை நூறு என்பது பொருள்.) ஆழ்ந்த உறக்கத்தை ஆங்கிலர் ‘சவுண்டு சிலீப்பு’ என்பது இவ்விரண்டாம் சொல்லைக்கொண்டே. குறட்டையொலி மிக்க உறக்கம் என்று தமிழ்நாட்டில் அதற்குப் பொருள் சொல்லிச் சிரிப்பர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்வோர் ‘சவுண்டு மைண்டு’ உடையவராய் இருத்தல் வேண்டும் என்று கூறுவதும் தெளிந்த அறிவுடைமையையே. உரத்துப் பேசும் ஆற்றலையன்று. தமிழ்நாட்டுக் கடைத்தெருவின் ‘சவுண்டான ஆள்’ இந்த இரண்டாம் சொல்லின் வழிவந்தவர். ‘சவுண்டு விடுகின்றவர்’ முதற்சொல்லின் வழிவந்தவர். இருவரும் ஒருவரே என்று கருதிக்கொண்டுதான் பேசுவோர் பேசுகின்றனர். பணம் உள்ளவன் உரக்கப் பேசுவான் என்னும் உலகியல் இக்குழப்பத்திற்குத் துணைசெய்கின்றது போலும்.

மூன்றாவது, கடலிடை நீரைக் குறிப்பது. பழைய நோர்சு மொழியில் ‘சுண்டு’ என்பது நீந்துதலையும், நீந்திக் கடக்கத்தக்க குறுகிய கடலையும் குறித்தது. டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் இடைப்பட்ட ஓரெசுண்டு நீரிணையை ஆங்கிலர் வெறுமனே ‘சவுண்டு’ என்றே வழங்குவர். அதன் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் அகலமே. சேக்சுபியரின் டென்மார்க்கு இளவரசன் நாடகம் நிகழும் ஊர் அவ்விடத்தில்தான் உள்ளது. 1429 முதல் 1857 வரை, நானூறு ஆண்டுகளுக்கு மேலாக, அவ்வழிச் சென்ற அயல்நாட்டுக் கப்பல்களிடம் டென்மார்க்கு அரசர் சுங்கம் தண்டினர். ஆங்கில வரலாற்று நூல்களில் அதன் பெயர் ‘சவுண்டு’ச் சுங்கம். சவுண்டு என்றால் ஒலி என்று மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளன் அதனை ‘ஒலிச் சுங்கம்’ என்று எழுதிவிட்டால், டேனிய அரசர் கூச்சலிட்ட மாலுமிகளிடம் தண்டம் வாங்கியதாகத் தமிழ் மாணவர் படிக்க நேரும்! 2000-ஆம் ஆண்டு அந்நீரிணைக்குக் குறுக்கே பெரும்பாலம் திறக்கப்பெற்றது. வட அமெரிக்காவின் மேலைக் கரையில் சியாட்டில் நகர் அமைந்துள்ள கடற்பகுதியின் பெயரிலும் இதே சொல்லே உள்ளது. தமிழனுக்கு இவ்விடத்தில் எத்தொல்லையும் இல்லை; பாக்கு நீரிணை என்று நாள்தோறும் எழுதும் கை, இங்கும் நீரிணை என்றே எழுதலாம்.

நான்காவது, ஆழத்தை அளப்பது. கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டிக் கடலில் இறக்கி ஆழம் பார்ப்பதைக் குறித்த ‘சோந்தே’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. மூன்றாவதற்கு இஃது உறவு என்பாரும் உளர். ஒருவர் உள்ளத்தில் உள்ளதை மெல்ல விசாரித்தறிவதையும் ஆங்கிலர் இச்சொல்லாலேயே குறிப்பர். ஈண்டுத் தமிழின் நிலையைக் காண்க: ‘அவன் என்னை ஆழம் பார்க்கின்றான்’ என்று எழுத்தறியாத் தமிழனும் அதே பொருளில் கூறுகின்றான். நீரின் ஆழம் பார்த்த சொல்லே நெஞ்சின் ஆழமும் பார்க்கின்றது. யாரிடமிருந்து யாரும் கடன் பெறாமல் இரு மொழிகள் ஒரே எண்ணத்தை அடைந்துள்ளன. ஆங்கிலத்தில் அச்சொல் ஒலிச்சொல்லோடு உருவொத்துப் போனமையால், ஒலிக்கும் அதற்கும் தொடர்புண்டு என்று ஆங்கிலருள்ளேயே பலர் எண்ணுகின்றனர். 20-ஆம் நூற்றாண்டில் எதிரொலியைக்கொண்டே கடலாழம் அளக்கும் கருவிகள் வந்தபின் அம்மயக்கம் இன்னும் உறுதிப்பட்டது. தமிழில் ஆழம் பார்த்தல் ஆழம் பார்த்தலாகவே தெளிவாய் நிற்கின்றது.

உருவொத்த சொற்கள் தமிழில் இல்லையா எனின், உண்டு. ஒலி என்பதே அத்தகையது. கழக இலக்கியத்தில் கூந்தலுக்கு அடையாக வரும்போது அது தழைத்தலைக் குறிக்கும். இசை என்பது பண்ணையும் குறிக்கும்; புகழையும் குறிக்கும்; உடன்படுதலையும் குறிக்கும். ஆகவே பல பொருள் பெற்றிருப்பது சவுண்டுக்கு ஒரு குற்றமன்று. குற்றம், நான்கு பொருள்களையும் அவற்றின் எல்லைகளையும் அறிந்து பயன்படுத்துகின்ற மக்களிடமிருந்து ஒன்றை மட்டும் அரைகுறையாய்ப் பறித்துவந்து, அதனை நூறு தமிழ்ச்சொற்களின் மேல் ஏற்றி வைத்ததில் உள்ளது. ஆங்கிலக் குழந்தை, கதவு அறைந்தால் ‘சிலாம்’ என்னும். சருகு அசைந்தால் ‘ரசில்’ என்னும். பழங்கீல் முனகினால் ‘கிரீக்கு’ என்னும். எல்லாவற்றையும் அது சவுண்டு என்பதில்லை. ஆங்கிலத்தின் செல்வத்தைத் தமிழன் எடுத்துக்கொண்டான் என்று சொல்லவும் வழியில்லை. அதன் மிகப் பொதுவான, மிக வெறுமையான சொல்லையே எடுத்துக்கொண்டான்.

தமிழின் கூடத்தில் இருந்தவற்றைக் காண்போம். தொல்காப்பியர் உரியியலில் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கனையும் அரவப் பொருளன என்று ஓரிடத்தில் வைத்தார். துவைத்தல், சிலைத்தல், இயம்பல், இரங்கல் என்னும் நான்கனையும் இசைப் பொருளன என்று வேறோரிடத்தில் வைத்தார். அரவம் வேறு, இசை வேறு. கூட்டத்தில் எழும் கலப்பொலியையும் முறைப்பட ஒலிப்பதையும் அவர் ஒரு கூடையில் அள்ளிப் போடவில்லை. அதனோடும் விட்டாரல்லர்; அழுங்கல் என்பது இரக்கத்தையும் கேட்டையும் குறிக்கும் என்றும், இரங்கல் என்பது கழிந்த பொருளைப் பற்றியும் வரும் என்றும் எல்லை வகுத்துச் சென்றார். மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார் பகற்கடையின் ஆரவாரத்திற்கும் இராக்கடையின் ஆரவாரத்திற்கும் கம்பலை என்னும் சொல்லை ஆண்டார். நன்னூலார் எழுத்தை ஒலி என்றார். யாப்பு நூலார் பாக்களின் நடையை ஓசை என்றனர். செப்பலோசை, அகவலோசை, துள்ளலோசை, தூங்கலோசை என அவை நான்கு. ஒலியும் ஓசையும் ஒன்றே என்று கருதி அவற்றைத் துள்ளலொலி என்றோ தூங்கலொலி என்றோ மாற்றினால் கேட்கும் செவியே மறுக்கும்.

இவை நூல்களில் உள்ளவை. நாவில் உள்ளவை இவற்றினும் மிகுதி. ஓடை சலசலக்கும், வளையல் கலகலக்கும், சருகு சரசரக்கும், பல் நறநறக்கும், வாயாடி சளசளப்பாள், மழை சடசடவென்று இறங்கும். பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது என்னும் பழமொழியில், காய்ந்த பனையோலைகள் காற்றில் ஒன்றோடொன்று உரசும் அந்த ஒலியே உயிர். அதைக் கேட்டுப் பழகிய நரி வேறு எதற்கும் நடுங்காது என்பதே கருத்து. பனங்காட்டு நரி சவுண்டுக்கு அஞ்சாது என்று சொல்லிப் பார்க்கட்டும். நரியும் போகும், பனங்காடும் போகும். யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பதும் அவ்வாறே. யானை பிளிறும், குதிரை கனைக்கும், மயில் அகவும், ஆந்தை அலறும், வண்டு முரலும் என்பன பள்ளிகளில் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண் பெறும் அதே மாணவன், வெளியே வந்ததும் ‘யானை சவுண்டு விட்டது’ என்கின்றான். சொல் விடைத்தாளோடு கட்டிவைக்கப்பட்டுவிட்டது.

இவ்வழிவு ஆங்கிலத்தோடு தொடங்கியது என்றும் சொல்வதற்கில்லை. சவுண்டுக்கு முன்னரே, வடமொழிச் ‘சப்தம்’ உருமாறிச் ‘சத்தம்’ என்று வந்து அமர்ந்திருந்தது. (வண்டிச் சத்தம் என்னுமிடத்துக் கூலியைக் குறிக்கும் சத்தம் வேறு, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை.) அரவம், சலசலப்பு, இரைச்சல், கூச்சல், குரல் என்று ஐந்து சொற்கள் நின்ற இடத்தில் சத்தம் ஒன்றே நின்றது. பின்னர் அந்த ஒன்றையும் தள்ளிவிட்டுச் சவுண்டு நிற்கின்றது. முன்னது வந்தபோது சிறப்புச் சொற்களை மறந்து பொதுச் சொல்லால் நிறைவுகொள்ளும் பழக்கம் வந்தது; அப்பழக்கம் வேரூன்றிய பின், அந்தப் பொதுச் சொல் வடமொழியாயினும் ஆங்கிலமாயினும் நாவிற்கு வேறுபாடு தோன்றவில்லை.

இங்கேதான் தனித்தமிழ் அன்பர்களுள் சிலர் செய்யும் பிழையையும் சுட்டுதல் வேண்டும். சவுண்டு அயற்சொல்; அதற்குத் தமிழ் ஒலி; ஆகவே சவுண்டு வருமிடமெல்லாம் ஒலி என்று எழுதிவிடுக என்கின்றனர். ‘ஒலி விடாதே’ என்று தெருவில் யாரேனும் சொன்னால் சிரிப்பே மிஞ்சும். அச்சிரிப்பு தமிழின்மேல் விழுமே அன்றிச் சொன்னவர்மேல் மட்டும் விழாது. அஃதன்றி, அயற்சொல்லின் அகலத்திற்குத் தமிழ்ச்சொல்லை நீட்டி இழுப்பதும் ஒருவகை அடிமைத்தனமே. எழுத்து தமிழாயினும் எண்ணம் சவுண்டாகவே இருக்கும்.

‘ஒலி மாசு’ என்னும் ஆட்சி இதற்குத் தக்க சான்று. 2000-ஆம் ஆண்டு நடுவணரசு ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. வணிகப் பகுதிகளில் 65, 55. தொழிற்பகுதிகளில் 75, 70. மருத்துவமனை, பள்ளி, வழக்குமன்றம் ஆகியவற்றைச் சூழ்ந்த அமைதிப் பகுதிகளில் 50, 40 என்று வரம்பு வகுத்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்றும் கூறிற்று. அதன் ஆங்கிலப் பெயரில் சவுண்டு என்னும் சொல் இல்லை. ‘நாய்சு’ என்றே உள்ளது. அச்சொல் கடற்குமட்டலைக் குறித்த இலத்தீன் சொல்லினின்று பிறந்தது என்று பலர் கருதுவர். ஒலி வேறு, செவிக்கு ஒவ்வாத ஒலி வேறு என்று ஆங்கிலன் தெளிவாக இருக்கின்றான். தமிழில் எழுதியவரோ அதனை ஒலி மாசு என்றார். ஒலி எங்ஙனம் மாசாகும்? தாயின் தாலாட்டும் ஒலிதான். கோயில் மணியும் ஒலிதான். தமிழ் எழுத்துகள் முப்பதும் ஒலிகள்தாம். மாசு, இரைச்சல். ‘இரைச்சல் மாசு’ என்று எழுதியிருந்தால் ஆங்கிலத்தினும் கூர்மையாக இருந்திருக்கும். நள்ளிரவில் குழாயின் அடியில் உறக்கமின்றிப் புரளும் முதியவருக்கு அகரமுதலி பார்க்காமலேயே விளங்கியும் இருக்கும்.

தொழில்நுட்பம் என்றவுடன் தமிழ் பின்வாங்க வேண்டும் என்பதற்கும் இடமில்லை. 1931-இல் ‘காளிதாசு’ வந்தபோது, வாய்பேசாப் படம் பேசத் தொடங்கியதைத் தமிழர் ‘பேசும்படம்’ என்றனர். அதில் ஒலி என்னும் சொல்லும் இல்லை, சவுண்டும் இல்லை. கண்டதையும் கேட்டதையும் வைத்தே பெயர் பிறந்தது. பின்னர் ஒலிப்பதிவு, ஒளிப்பதிவு என்னும் இணைச்சொற்கள் பிறந்தன. ஓரெழுத்து மாறக் காதின் தொழில் கண்ணின் தொழிலாகும் அந்நயம் எளிதில் வாய்ப்பதன்று. லகர ளகரத்தை ஒன்றாய் ஒலிக்கும் இன்றைய நாவுகளில் அந்நயமும் கெடுகின்றது என்பது வேறு செய்தி. வானொலி, எதிரொலி, ஒலிபெருக்கி ஆகியவை பொதுமக்கள் வாயில் தயக்கமின்றி வழங்குகின்றன. ஒலி தன் இடத்தில் நன்றாகவே பணியாற்றுகின்றது. அதன் இடம் இல்லாத இடத்தில் அரவமும், குரலும், கூச்சலும், இரைச்சலும், முழக்கமும், முனகலும் தத்தம் பணியைச் செய்யக் காத்துள்ளன.

இஃது ஏட்டளவில் நிற்கும் வழக்கன்று. மூச்சுத் திணறும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வரும் இளந்தாய், ‘நெஞ்சில் ஒரே சவுண்டாக இருக்கிறது’ என்கின்றாள். மருத்துவர் மேலும் நாலு வினா எழுப்பிய பின்னரே ஏதேனும் விளங்குகின்றது. அவளுடைய பாட்டியாயின், சளி கட்டிக் கரகர என்கிறது என்றோ, மூச்சு இழுக்கிறது என்றோ, உய்யென்று விசிலடிக்கிறது என்றோ வாயிலிலேயே பிரித்துச் சொல்லியிருப்பாள். வண்டி பழுதுபார்க்கும் பட்டறையிலும் அவ்வாறே. ‘வண்டியில் சவுண்டு வருகிறது’ என்று சொல்லி நிறுத்துகின்றவரை, பட்டறைக்காரர் ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டியிருக்கின்றது. கடகட என்றிருந்தால் எங்கோ மரை கழன்றிருக்கும். கிறீச்சென்றால் எண்ணெய் வறண்டிருக்கும். நறநற என்றால் பற்சக்கரம் தேய்ந்திருக்கும். கல்வி மிகாத அந்தப் பட்டறைப் பையன் இன்னும் அச்சொற்களை வைத்திருக்கின்றான். வண்டிக்கு உரிமையாளரான பட்டதாரியிடம் அவை இல்லை.